அழிக்கட்டுமா என்று கேட்ட பெட்டி

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது எளிது. கரப்பான் பூச்சிக்குப் பயம், தெருநாய்க்குப் பயம், படகில் ஏறும்போது படகுக்கும் கரைக்கும் நடுவே தெரிகிற தண்ணீருக்குப் பயம். எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஒரு தட்டில் வைத்தாலும், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடிக்கொண்டே வந்து நடுவில் நின்றுவிடுகிற அந்த ஒரு பயத்துக்கு ஈடாகாது. இன்றைக்கும் வங்கியிலோ ஆஸ்பத்திரிக் கவுண்டரிலோ ஒரு கணினி அப்படி நின்றால், என் கை தானாகக் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். எனக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. பிடித்த கை விடாது.

கொச்சி மட்டாஞ்சேரியில், கொச்சங்காடியை ஒட்டிய ஒரு பெண்கள் பள்ளியில் அப்போது கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். டீச்சர் என்று பிள்ளைகள் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கில் தற்காலிகம். கேரளத்துப் பள்ளிகளிலெல்லாம் லினக்ஸ் என்ற இயங்குதளம் வந்திருந்த வருடங்கள் அவை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணினியில் உட்கார்ந்து செய்முறைத் தேர்வு எழுத வேண்டும். கணக்குப் பட்டியல் ஒன்று, தட்டச்சு செய்த பக்கம் ஒன்று, வரைந்த படம் ஒன்று. எங்கள் கணினி அறை மாடியில் இருந்தது. பள்ளி அந்தக் கட்டடத்தை வாங்குவதற்கு முன்னால் அது சுக்குக் குடோன். எத்தனை வெள்ளையடித்தாலும் ஈரக்காற்று அடித்தால் சுவரிலிருந்து சுக்கு வாசனை கிளம்பும், வரிசையாகப் பிள்ளைகள் தும்முவார்கள்.

எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் ஓடைகளுக்குக் கொசு மருந்து அடிக்கிற வேலை. தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்ட குடும்பம். தமிழ் வீட்டில் பேசத்தான். கையெழுத்து முதல் கடிதம் வரை எனக்கு மலையாளம்தான் சரளம். ஆனாலும் பள்ளியில் நான் பாண்டிதான், தமிழரை அங்கே இளக்காரமாகச் சொல்லும் பேர். எல்லா நாளும் இல்லை. எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளில் டீச்சர். ஏதாவது கெட்டுப்போகிற நாளில், "அந்தப் பாண்டிக்குட்டி எந்து செய்து?" என்று ஆசிரியர் அறையிலிருந்து ஒரு குரல் வரும். அதனால் எதுவும் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதே என் வேலை என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

மாடியைப் பெருக்கிப் பூட்டுவது அத்தை. எங்கள் தெருக்காரி, அப்பாவுக்கு ஏதோ ஒரு வழியில் தங்கை முறை. பள்ளிக்கு அட்டெண்டராக வருவதற்கு முன்னால் கொச்சங்காடிக் குடோன்களில் சுக்கு தரம் பிரித்த கை. அந்தக் குடோன்களில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கொப்பரையும் சுக்கும் சாக்குமாக அடைந்து கிடக்கிற இடத்தில் ஒரு பொறி போதும், தெருவே போய்விடும். ஆகவே கடைசியாக வெளியே போகிறவர் மெயின் சுவிட்சை இறக்காமல் பூட்டைத் தொடக் கூடாது. கடைக்காரர் மறந்தாலும் சுமைதூக்குகிறவர் நினைவுபடுத்துவார். "மெயின் எறக்காம பூட்டினா அது பூட்டே அல்ல," என்பாள் அத்தை. இடி இடித்தால் கேட்கவே வேண்டாம். முதல் முழக்கத்துக்கே அவள் கை மெயினுக்குப் போய்விடும். இதில் அவளை மட்டும் சொல்லி என்ன, கோடை மழைக்கு எங்கள் ஊரே அப்படித்தான். வானம் உறுமினால் வீட்டுக்கு வீடு பிளக்கைப் பிடுங்குகிற சத்தம் கேட்கும்.

கணினிக்கு இந்தச் சட்டம் ஒத்துவராது. அது தன் வட்டில் எதையும் இரண்டு இடத்தில் குறித்து வைக்கும்: பொருள் ஒரு இடத்தில், அதன் பேர் வேறொரு இடத்தில். நாம் முறையாக நிறுத்தச் சொன்னால் இரண்டையும் ஒப்பிட்டு முடித்துவிட்டுத் தூங்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இரண்டும் பொருந்தாமல் நின்றுவிடும். மறுநாள் எழும்போது முதல் வேலையாக வட்டு முழுவதையும் தானே சோதித்துப் பார்க்கும். அதற்கு எஃப்.எஸ்.சி.கே. என்று பேர். சாதாரணமாக நாம் ஒரு சாயா குடித்து முடிப்பதற்குள் சோதனை முடிந்து, பெட்டி திறந்துகொள்ளும். யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போய்ப் புதியது வராமலே இருந்ததால், நானும் அத்தையும் ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். மூலையில் இருக்கிற பெரிய பெட்டி, அதாவது சர்வர், அதன் காத்தாடிச் சத்தம் நின்ற பிறகுதான் மெயின். அத்தை அதை ஒழுங்காகவே நடத்திவந்தாள்.

தேர்வு தொடங்கிய நாளிலேயே எழுதிவிட ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாக அனுமதி வாங்கியிருந்தேன். அவளுடைய அப்பா அம்மா தேனிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். பிள்ளைக்குச் சிறுவயதில் வந்த காய்ச்சல் ஒன்று இருதயத்து வால்வைக் கெடுத்துவிட்டது. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுவாள். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி ஆகிவிடும். ஆஸ்பத்திரியில் காத்துக் காத்துக் கிடைத்த ஆபரேஷன் தேதி, சரியாகத் தேர்வு வாரத்தில் வந்து விழுந்தது. மறுநாள் காலையில் அட்மிட் ஆக வேண்டும். ஆபரேஷனைத் தள்ளினால் அடுத்த தேதி எப்போது என்று யாருக்கும் தெரியாது. தேர்வைத் தள்ளினால் வருடம் போச்சு. செய்முறைக்கு வராத பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை. ஒரு வருடம் போனால் இவளை மறுபடி பள்ளிக்கு அனுப்பமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊருக்குக் கூட்டிப்போய் யாருக்காவது கட்டிவைப்பார்கள். வால்வு மாற்றின பெண்ணுக்கு எப்படிப்பட்ட மாப்பிள்ளை வருவான் என்பதையும் அவளே ஒரு நாள் என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஆகவே முதல் நாள், முதல் அணிப் பிள்ளைகள் எல்லோரும் எழுதிய பிறகு, கடைசி ஆளாக அவள் எழுதினாள். வேறு பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் டீச்சர் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் மதிப்பெண் போட்டு முடித்திருந்தார். இவள் மெதுவாகத்தான் செய்வாள். படம் வரையும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு, மேலே வானத்தில் ஆரம்பித்துக் கீழே தரைக்கு வருவாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. வைப்பின் தீவுப் பக்கம் போக வேண்டிய தேர்வாளர் படகைப் பிடிக்கிற அவசரத்தில், இந்த ஒரு பிள்ளைக்கு நாளைக் காலையில் மதிப்பெண் போடுகிறேன், வேலை பெட்டிக்குள்தானே இருக்கிறது, எங்கே ஓடிப்போகும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அப்போது அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பிள்ளை முடித்தாள். சேமித்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"டீச்சர், சேவ் ஆயிருச்சுல்ல?"

ஆயிற்று என்றேன். நாளின் கடைசியில் எல்லாப் பிள்ளைகளின் வேலையையும் ஓரிடத்துக்கு நகர்த்தி வைக்கிற கட்டளையைத் தட்டிவிட்டு, அது ஓடட்டும், வந்து நிறுத்தலாம் என்று திரையை மட்டும் அணைத்துவிட்டு, அவளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். அவள் இறங்குவதும் ஏறுவது மாதிரிதான், நடுவில் உட்கார வேண்டும். கேட்டில் அவள் அம்மா குடையோடு நின்றிருந்தார். ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. மழை கொட்டியது, இடி இடித்தது. ஒருவழியாக ஆட்டோ பிடித்து அவர்களை ஏற்றிவிட்டுத் திரும்பினால், அத்தை சாவிக்கொத்தோடு படியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். காத்தாடி நின்றதா என்று கேட்டேன். நின்றது என்று தலையாட்டினாள். இந்த இடியில் நிற்காதே, வீட்டுக்குப் போ என்று என்னையும் விரட்டினாள். நான் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். நகர்த்துகிற வேலை முடிந்து அத்தையே முறையாக நிறுத்தினாள் என்றா நினைத்தேன், எதை நினைத்தேன் என்று இப்போது யோசித்தாலும் புரியவில்லை. நிறுத்துகிற பொத்தான் எது என்றுகூட அத்தைக்குத் தெரியாது.

காலையில் சீக்கிரமே போனேன். மெயினை ஏற்றி, சர்வரைப் போட்டேன். கறுப்புத் திரை வந்தது. வெள்ளை எழுத்து வரிவரியாக மேலே போனது. வழக்கம்போல வட்டைச் சோதிக்க ஆரம்பித்தது, நூற்றுக்கு இத்தனை என்று எண் ஏறியது. அறுபதைத் தாண்டிய இடத்தில் நின்றது. உள்ளேயிருந்து ஒரு சத்தம், பல்லி கத்துகிற மாதிரி, டிக், டிக் என்று. பிறகு பெரிய எழுத்தில் ஒரு வரி வந்தது. எதிர்பாராத முரண்பாடு, சோதனையைக் கையால் ஓட்டு என்று அதற்குப் பொருள். அதற்குக் கீழே, பராமரிப்புக்கு ரூட்டின், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கின், கடவுச்சொல்லைக் கொடு என்று கேட்டுவிட்டு, பெட்டி சும்மா நின்றது.

பிள்ளைகளின் வேலை இருக்கிற வட்டுப் பகுதியின் பேர்தான் அந்த வரியில் இருந்தது.

பின்னால் அத்தை விளக்குமாற்றோடு வந்து நின்றாள். முகத்தில் பெருமை. நேற்று நான் அவசரத்தில் போய்விட்டதாகவும், முதல் இடிக்கே தான் ஓடிவந்து மெயினை இறக்கி எல்லாவற்றையும் காப்பாற்றியதாகவும் சொன்னாள். காத்தாடி நிற்கவில்லையா என்றால், மெயினை இறக்கியதும் நின்றுதானே ஆக வேண்டும் என்றாள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவள் முகம் மாறியது.

"ஞான் வல்லதும் தப்பு செய்துட்டேனா மோளே?"

இல்லை என்றேன். வேறென்ன சொல்ல? ஹெட்மிஸ்ட்ரஸ் காதுக்கு இது போனால், முதலில் கேட்பது மெயினை யார் இறக்கியது என்று. அத்தை வேலை போகும். இரண்டாவதாக, பெட்டியை விட்டுவிட்டு யார் இறங்கிப்போனது என்று. என் வேலை போகும். இரண்டு பாண்டிகளும் ஒரே கேட் வழியாக வெளியே போகலாம். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் என் கண்ணில் நின்றது அதுவல்ல. ஆஸ்பத்திரி வரிசையில் துணிப்பையோடு நிற்கிற அந்தப் பிள்ளைதான். மற்ற பிள்ளைகளுக்கு மதிப்பெண் விழுந்தாயிற்று, அவர்கள் வேலை அழிந்தாலும் பாதகமில்லை. இவளுக்கு மட்டும்தான் இந்தப் பெட்டிக்குள் இருப்பதைத் தவிர வேறு சாட்சி இல்லை. இன்றைக்கு வேலையைக் காட்டாவிட்டால், வரவில்லை என்று எழுதத்தான் தேர்வாளரால் முடியும்.

எங்களுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை மாஷ் என்போம். காக்கநாட்டில் ஏதோ பள்ளியில் அவரும் அன்று தேர்வுப் பணியில் இருந்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் அறைப் போனைத் தொட முடியாது. தெருமுனை பூத்துக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டேன். பூத்துக்காரர் காது கேட்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதால் கிசுகிசுத்தேன், மாஷ் சத்தமாகப் பேசச் சொல்லி அங்கிருந்து கத்தினார். பொறுமையாகத்தான் கேட்டார். பெட்டியை மறுபடி மறுபடி அணைத்துப் போடாதே, அதுதான் எல்லாரும் செய்கிற முட்டாள்தனம் என்றார். முடிந்தால் வட்டை அப்படியே இன்னொரு வட்டுக்கு நகல் எடுத்துவிட்டுக் கையை வை என்றார். எங்களிடம் இன்னொரு வட்டு இல்லை. அவர் வருவதென்றால் சாயங்காலம் ஆகும். தேர்வாளர் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார், இரண்டாம் அணிப் பிள்ளைகளுக்கான கேள்விகளும் அதே பெட்டியிலிருந்துதான் வர வேண்டும். கடைசியில் மாஷ் கட்டளையைச் சொன்னார். அது ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும், ஒவ்வொன்றுக்கும் ஆம் என்று ஒய் எழுத்தை அடித்துக்கொண்டே போ என்றார்.

அழிக்கட்டுமா என்று கேட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கும் ஆம்தான் என்றார். அழித்தது பிள்ளையின் வேலையாக இருந்தால்? இருந்தால் அது போகும் டீச்சரே, வேறு வழியில்லை என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார்.

மாடிப்படி ஏறும்போது அன்று நானும் நடுவில் உட்கார்ந்தேன்.

ரூட்டின் கடவுச்சொல்லைத் தட்டினால் திரையில் ஒரு புள்ளிகூட வராது. நாம் தட்டுகிறோமா, பெட்டி கேட்கிறதா என்றே தெரியாது. முதல் தடவை தப்பாகப் போனது. மறுபடி கேட்டது. அத்தை என் பின்னால் நின்று, மாரியம்மா, மாரியம்மா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சும்மா இரு அத்தை என்று எரிந்து விழுந்தேன். அவள் நிறுத்தியதும் இன்னும் பயமாகிவிட்டது, சொல்லிக்கொண்டே இரு என்றேன்.

கடவுச்சொல் உள்ளே போனது. கட்டளையைத் தட்டினேன். கேள்விகள் ஆரம்பித்தன.

ஏதோ ஒரு நீளமான எண், அதற்குப் பக்கத்தில் அது எங்கேயோ தவறாக இருக்கிறது என்று ஒரு வரி. சரிசெய்யட்டுமா? ஒய். இன்னொரு எண். எண்ணிக்கை பொருந்தவில்லை, சரிசெய்யட்டுமா? ஒய். இந்தப் பொருளுக்குப் பேர் எங்கேயும் இல்லை, தனியாக எடுத்து வைக்கட்டுமா? ஒய். எனக்குக் கணினி தெரியும் என்று சம்பளம் வாங்குகிறவள் நான். அந்த எண்களில் எது எந்தப் பிள்ளை, எது அவள் வரைந்த வானம், எது வெறும் குப்பை என்று ஒன்றுகூடத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு மீன்காரி கேட்கிற விலைக்கெல்லாம் தலையாட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது. இது கெட்டிருக்கிறது. அழிக்கட்டுமா?

விரல் ஒய்யின் மேல் நின்றது. கீழே காலை மணி அடித்தார்கள், பிள்ளைகள் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கிற சத்தம் கேட்டது. இல்லை என்று சொன்னால் என்ன ஆகும்? பெட்டி திறக்காது. ஆம் என்று சொன்னால்? எதுவென்று தெரியாத ஒன்று போகும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். காலை விடாமல் கரையிலேயே நிற்கவும் வழியில்லாத போது என்ன செய்வது என்று அவள் ஒரு தடவையும் சொன்னதில்லை.

அடித்தேன். மறுபடி அதே கேள்வி, வேறு எண். அடித்தேன். நடுநடுவே டிக், டிக். ஒவ்வொரு டிக்குக்கும் அத்தையின் மாரியம்மா ஒரு கட்டை ஏறியது. எத்தனை தடவை ஆம் சொன்னேன் என்று எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் விரலே தனியாக அடித்துக்கொண்டிருந்தது, கண்ணீர் தனியாக வடிந்துகொண்டிருந்தது. பிறகு திடீரென்று கேள்விகள் நின்றுபோயின. பகுதி திருத்தப்பட்டது என்று ஒரு வரி வந்தது.

பெட்டியை மறுபடி கிளப்பினேன். இந்தத் தடவை எண் அறுபதைத் தாண்டியது, நூறைத் தொட்டது, வண்ணத்திரை வந்தது. அத்தை என் தலையில் கையை வைத்தாள். அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்தான். தேர்வு வேலைகள் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்தேன். முந்தைய நாள் எழுதிய பிள்ளைகளின் பதிவெண்கள் வரிசையாக இருந்தன. கடைசி எண் மட்டும் இல்லை. பதிவெண் வரிசையிலும் அவள்தான் கடைசி. நகர்த்துகிற வேலை அவளிடம் வந்துகொண்டிருந்தபோதுதான் மெயின் இறங்கியிருக்கிறது. பழைய இடத்திலும் இல்லை, புதிய இடத்திலும் இல்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அட பாவி, ஊரில் இவ்வளவு பேர் இருக்க, அந்த இடி இவள் தலையிலா விழ வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. பேர் எங்கேயும் இல்லை, தனியாக எடுத்து வைக்கட்டுமா? அதற்கும் ஆம் என்றுதானே சொன்னேன். எடுத்து எங்கே வைத்தது? பயிற்சியில் மாஷ் போகிறபோக்கில் சொன்னது மெல்ல மேலே வந்தது. ஒவ்வொரு பகுதியிலும் காணாமல் போய்க் கண்டெடுத்தவற்றுக்கென்று ஒரு அறை உண்டு. ரயில் நிலையத்தில் அனாதையாகக் கிடந்த பைகளை வைக்கிற அறை மாதிரி. ரூட் தவிர யாரும் அதைத் திறக்க முடியாது. திறந்தேன். உள்ளே சில பொருள்கள் கிடந்தன. ஒன்றுக்கும் பேர் இல்லை, வெறும் எண். ஆனால் பக்கத்தில், இது யாருடையது என்கிற இடத்தில், மூன்றுக்கு மட்டும் அந்தப் பிள்ளையின் பதிவெண் இருந்தது. பேரை இழந்தாலும் உடைமைக்காரியை அது இழக்கவில்லை. நான் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டேன், எடுத்தால் மறைந்துவிடும் என்கிற மாதிரி.

கணக்குப் பட்டியல் முழுதாகத் திறந்தது. தட்டச்சுப் பக்கமும் திறந்தது. படம் பாதிதான் திறந்தது. மேலே மேகம், பனைமரத்தின் தலை, ஒரு வீட்டின் ஓட்டுக்கூரை. கூரைக்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் சாம்பல் நிறம்.

தேர்வாளர் நான் அங்கேயே நிற்கும்போது வந்துவிட்டார். மறைக்கிற தெம்பு எனக்கு இல்லை. கரண்ட் போய்ப் பெட்டி கெட்டது, இவ்வளவு மீண்டது என்றேன். மெயினைப் பற்றிச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இது அந்தக் குட்டியுடையதுதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். பதிவெண்ணைக் காட்டினேன். கடைசியாகத் திருத்திய நேரத்தைக் காட்டினேன். அவரே அறையில் உட்கார்ந்திருந்த நேரம் அது. அந்தப் பாதிப் படத்தை வெகுநேரம் பார்த்தார். கடைசியில், இருப்பதற்குத்தான் மதிப்பெண் போட முடியும் என்று சொல்லி, பேனாவைத் திறந்தார்.

அந்தப் பிள்ளை பிழைத்தாள். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் பயந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன், படிக்கிறவர்களைப் பயமுறுத்த அல்ல. தேர்வும் பாஸ். ஆபரேஷன் முடிந்து பேசத் தொடங்கிய பிறகு நான் போய் விஷயத்தைச் சொன்னபோது, நன்றி கின்றி ஒன்றும் வரவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கீழ்ப்பாதியிலதான் டீச்சர் நல்லா வரைஞ்சிருந்தேன்," என்றாள். மாடும் கன்றும் இருந்ததாம். கோபத்தோடு அவள் மூச்சுவாங்காமல் பேசியதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது ஆபரேஷன் நடந்த அன்று காலை. பிள்ளையை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அவள் அப்பா ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிவரப் போயிருந்தார். தாழ்வாரத்து பெஞ்சில் அம்மாவும் நானும் மட்டும். சிமெண்டில் வெடித்த அந்தக் கைகள் மடியில் சும்மா கிடந்தன, வலது பெருவிரலில் கைநாட்டு வைத்த மை. எதிரில் மூடிய கதவு. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஒரு மூடிய பொருளின் முன்னால் உட்கார்ந்திருப்பது அந்த வாரத்தில் எனக்கு இரண்டாம் தடவை. முதல் தடவையைவிடப் பயம் கூடுதல். இங்கே எனக்கு ஒரு கட்டளையும் தெரியாது.

அந்த அம்மா கதவைப் பார்த்தபடியே சொன்னார்.

"பெரிய டாக்டரு வந்து என்னென்னமோ கேட்டாரு டீச்சர். மலையாளத்துல பாதி, இங்கிலீசுல பாதி. இப்படி ஆனாலும் ஆகும், சரியா? அப்படிப் பண்ண வேண்டி வந்தா, சரியா? எல்லாத்துக்கும் சரின்னுட்டேன். ஒண்ணுமே வெளங்கல. எதுக்கு சரின்னேன்னே தெரியல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நானும் முந்தாநாள் அதுதான்க்கா செய்தேன். உங்க மோளுட வேலை இருந்த பெட்டி கெட்டுப்போச்சு. அது கேட்டதுக்கெல்லாம் ஆமான்னேன். அழிக்கட்டுமான்னு கேட்டுச்சு, அதுக்கும் ஆமான்னேன். ஒண்ணும் புரியல்ல."

அவர் அப்போதுதான் கதவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். டீச்சருக்கும் புரியாமல் போகுமா என்பதைப் போல ஒரு பார்வை. பிடித்திருந்த கை என் விரலை இறுக்கியது.

"அப்புறம்? எல்லாம் திரும்ப வந்துச்சா?"

"வந்துச்சுக்கா," என்றேன். பாதி என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, அவரோடு சேர்ந்து நானும் கதவைப் பார்க்க ஆரம்பித்தேன்.